ரெண்டு பேரும் கீறோம்

என் மனைவியின் அண்ணனுக்கு அழைப்பு மணி என்றால் ஆகாது. எங்கள் வீடு திருவொற்றியூரில் மூன்றாவது மாடி. அவர் வந்தால் கீழே தெருவில் நின்றபடியே தலையை நிமிர்த்தி, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு சத்தம் போடுவார்.

"ஆல்வினு! கொரலு!"

ஏழு வயசு என் மகன் எந்த மூலையில் என்ன செய்துகொண்டிருந்தாலும் அதை அப்படியே போட்டுவிட்டு, இருக்கிறேன் என்பதை வடசென்னைப் பேச்சில் கத்துவான். "கீறேன் மாமா!"

"ஜெனி! கொரலு!"

"கீறேன் மாமா!" இது சின்னது. நாலு வயசு. அண்ணனைவிடச் சத்தம் அதிகம்.

இரண்டு குரலும் காதில் விழுந்த பிறகுதான் அவர் படியில் கால் வைப்பார். ஒன்று வரவில்லையென்றால் மூன்று மாடியையும் ஒரே மூச்சில் ஏறி வந்து கதவைத் தட்டோ தட்டென்று தட்டுவார். ஒருமுறை ஜெனி வாயில் பற்பசை நுரையோடு இருந்ததால் பதில் சொல்லக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. அன்றைக்கு அவர் வாங்கி வந்த ஒரு டஜன் முட்டையும் இரண்டாவது மாடிப் படியில் உடைந்து கிடந்தது. என் மனைவி துடைத்தாள். நான் திட்டினேன், அவர் காதில் விழாதபடி.

நான் அவரைப் பெயர் சொல்லி ஒருநாளும் கூப்பிட்டதில்லை. என்னைவிட எட்டு வயசு மூத்தவர், கல்யாணம் கட்டாதவர். எனக்கு மச்சான். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

அவருடைய வேலையைச் சொன்னால்தான் இந்தக் கத்தல் புரியும். மணலியில் எண்ணெய்த் தொட்டிகளையும், காட்டுப்பள்ளிப் பக்கம் பழுதுபார்க்க வரும் கப்பல்களின் அடித்தொட்டிகளையும் காலி செய்து, உள்ளே ஆளை இறக்கிக் கழுவுவார்கள். ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு வட்டமாக ஒரு ஓட்டை இருக்கும். அவ்வளவுதான் வாசல். உள்ளே இருட்டு, வழுக்கல், வாசனையே தெரியாமல் ஆளைச் சாய்த்துவிடுகிற வாயு. அதனால் ஓட்டைக்கு வெளியே ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஹோல் வாட்ச் என்று அந்த வேலைக்குப் பெயர். உள்ளே போனவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், ஒவ்வொருவரும் பதில் குரல் கொடுக்க வேண்டும். குரல் வராவிட்டால் அந்த நிமிஷமே கயிற்றை இழுக்க வேண்டும். மச்சான் வருஷக்கணக்கில் அந்த ஓட்டைக்கு வெளியே நின்றவர். தொல்லை என்னவென்றால், வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் அவர் அங்கேயேதான் நின்றார். கல்யாண மண்டபம், துணிக்கடை, ஆஸ்பத்திரி, என் வீடு எல்லாமே அவருக்குத் தொட்டிதான்.

அதற்கென்று சில சட்டங்கள் வைத்திருந்தார். தலையாட்டினால் அது பதில் ஆகாது. "தலய ஆட்னா எனுக்கு எப்டித் தெரியும்? உள்ள இருட்டுடா." வாயில் சோறு இருந்தால் விழுங்கிவிட்டுச் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலான சட்டம் ஒன்று உண்டு. ஒருத்தருக்காக இன்னொருத்தர் பதில் சொல்லக் கூடாது. "பாப்பா தூங்குது மாமா" என்று ஆல்வின் சொன்னால்கூட ஒத்துக்கொள்ளமாட்டார். உள்ளே வந்து, தூங்குகிற குழந்தையை எழுப்பி, அது சிணுங்கி "கீறேன்" என்று சொன்ன பிறகுதான் உட்காருவார். ஏன் இப்படிப் படுத்துகிறீர்கள் என்று கேட்டதற்கு, "ஒருத்தன் கொரலு இன்னொருத்தனுக்கு ஆவாது மாப்ள" என்றார். அதற்குமேல் அவரிடமிருந்து ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை.

ஒரு மழைக்காலத்தில் ஜெனிக்குத் தொண்டை கட்டி, இரண்டு நாள் காற்றுதான் வந்தது, குரல் வரவில்லை. மச்சான் அந்த இரண்டு நாளும் வேலைக்குப் போகவில்லை. அவள் படுத்திருந்த கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டீ கொடுத்தால் குடித்தார், சோறு கொடுத்தால் சாப்பிட்டார். மூன்றாம் நாள் காலையில் அது கரகரவென்று "கீறேன்" என்றதும் எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு, பேசாமல் வேலைக்குப் போய்விட்டார். அன்றைக்கு எனக்கு அவர்மேல் வந்தது பாசமா, பயமா என்று இன்றுவரை தெரியவில்லை. ஒரு மனுஷன் இவ்வளவு பயத்தை வைத்துக்கொண்டு எப்படி நடமாடுகிறார் என்று நினைத்தேன்.

என் கதை வேறு. எங்கள் குடும்பம் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து ராயபுரத்தில் பெயின்ட் கடை வைத்தது. நாலு பேர் மதிக்க வேண்டும், பிள்ளைகள் நல்ல பள்ளிக்கூடத்தில் படிக்க வேண்டும், நாக்கு சுத்தமாக இருக்க வேண்டும் என்று வளர்க்கப்பட்டவன் நான். ஆல்வின் யூகேஜியில் வருகைப் பதிவுக்குப் பெயர் கூப்பிட்டபோது "கீறேன் மிஸ்!" என்று கத்தியிருக்கிறான். என்னைப் பள்ளிக்கு வரச் சொன்னார்கள். டீச்சரம்மா சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் நாலு நாள் சோறு இறங்கவில்லை.

நாங்கள் விற்கிற பெயின்ட் கம்பெனிக்காரர்கள் அந்த வருஷம் கூடுதலாக விற்ற கடைக்காரர்களைக் குடும்பத்தோடு கப்பலில் கூட்டிப்போனார்கள். சென்னைத் துறைமுகத்தில் ஏறி, இரண்டு ராத்திரி கடலில் இருந்துவிட்டு அதே துறைமுகத்தில் இறங்க வேண்டும். ஒரு குடும்பத்துக்குப் பெரியவர் இருவர், பிள்ளைகள் இருவர் என்று கணக்கு. என் மனைவி நர்ஸ். அவளுக்கு விடுப்பு கிடைக்கவில்லை.

"அண்ணனக் கூட்டினு போ," என்றாள்.

"உங்க அண்ணனா? அங்க எல்லாரும் கோட்டு சூட்டுல வருவாங்கம்மா."

"வரட்டும். நீ மட்டும் கூட்டினு போனா எனுக்குத் தூக்கம் வராது. நாலு பக்கமும் தண்ணி. அவரு இருந்தா நா ஒயுங்கா டூட்டி பாப்பேன்."

என்மேல் நம்பிக்கை இல்லை என்று நேராகவே சொல்லிவிட்டாள். அவள் சொன்னதில் தப்பில்லை. எனக்குக் கடல் என்றால் பயம். ஆயுசு பூராவும் கடலுக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு, காசிமேட்டில் மீன் வாங்குவதோடு சரி. முழங்கால் அளவுத் தண்ணீரில்கூட நின்றவனில்லை.

கப்பல் கிளம்புமுன் எல்லோரையும் கூப்பிட்டு, ஆபத்து வந்தால் எங்கே கூட வேண்டும், உயிர்காப்புச் சட்டையை எப்படிப் போட வேண்டும் என்று ஒத்திகை காட்டினார்கள். மற்றவர்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தபோது மச்சான் ஒருவர்தான் பரீட்சைக்கு வந்த மாதிரி கேட்டார். அங்கே இருந்த வெளிநாட்டுப் பையனிடம் "இந்தக் கதவு வெளிய தொறக்குமா, உள்ள தொறக்குமா தம்பி?" என்று சைகையோடு கேட்டு, தானே திறந்து பார்த்தார். அதற்குப் பிறகு பிள்ளைகளைத் திறந்த தளத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே உயிர்காப்புப் படகுகளுக்குக் கீழே வரிசையாக வெள்ளைப் பெட்டிகள். ஒன்றின் மூடியைத் தூக்கி உள்ளே ஆரஞ்சுச் சட்டைகளைக் காட்டினார்.

"தா பாருங்க. எப்பனா தொலஞ்சி போனீங்கன்னா, பயமா இருந்துச்சுன்னா, இந்த ஆரஞ்சு சட்ட கீற எடத்தாண்ட வந்துடணும். அங்கயே நிக்கணும். மாமா வந்து கூப்புடுவேன். இன்னா சொல்லணும்?"

"கீறேன்!" என்று இரண்டும் கத்தின. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் கடலைப் பார்க்கிறவன் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கரை மெல்ல விலகிக்கொண்டிருந்தது. தூரத்தில் எண்ணூர்ப் பக்கத்துப் புகைபோக்கிகள் தெரிந்தன. நம் ஊரை அந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பது நன்றாகவே இல்லை.

மறுநாள் காலை உணவுக் கூடத்தில் நானூறு பேர் இருந்திருப்பார்கள். பிள்ளைகள் இரண்டும் தட்டைத் தூக்கிக்கொண்டு பழம் எடுக்கப் போயிருந்தன. மச்சானுக்கு அவை கண்ணில் படவில்லை. நாற்காலியில் இருந்து எழுந்தார். எனக்கு விஷயம் புரிந்து அவர் சட்டையைப் பிடித்து இழுப்பதற்குள் அந்தக் கூடமே அதிர்ந்தது.

"ஆல்வினு! கொரலூ!"

"கீறேன் மாமா!"

"ஜெனீ! கொரலூ!"

"கீறேன் மாமா!"

கரண்டிச் சத்தம் நின்றது. பக்கத்து மேசையில் இருந்த பெரிய கடைக்காரர் ஒருவர் இட்லியைக் கையில் வைத்துக்கொண்டு, "கீறேன்... கீறேன்..." என்று ராகம் போட்டுச் சொல்லிக் காட்டினார். அவர் மேசை முழுக்கச் சிரித்தது. எனக்குக் காது சுட்டது. மச்சானுக்கு எதுவும் உறைக்கவில்லை. இரண்டு குரலும் வந்துவிட்டதால் நிம்மதியாகப் பொங்கலைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார்.

"மச்சான், இங்க மட்டும் இப்படிச் சத்தம் போட வேண்டாமே. இல்லாட்டி, ஆல்வின் ஒருத்தன் ரெண்டு பேருக்குமா மெதுவாச் சொல்லட்டும். போதாதா?"

அவர் கை நின்றது. "ஆவாது மாப்ள. வேற இன்னா வேணா கேளு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. சாப்பிட்டு முடித்து அவர் கை கழுவப் போன நேரத்தில் பிள்ளைகளை ஓரமாகக் கூப்பிட்டேன். நான் சொன்ன வார்த்தைகள் ஒன்றுகூட எனக்கு மறக்கவில்லை.

"ஆல்வின், இனிமே மாமா கூப்பிட்டா நீ மட்டும் 'ரெண்டு பேரும் கீறோம்'னு மெதுவாச் சொல்லிடணும். ஜெனி, நீ வாயத் தொறக்கவே கூடாது. அப்பா தொறக்கச் சொன்னாத்தான் தொறக்கணும். கரெக்டா இருந்தா சாயங்காலம் ஐஸ்கிரீம்."

ஜெனி உடனே இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினாள். சமர்த்து என்று கன்னத்தைக் கிள்ளினேன்.

அறைக்குத் திரும்பும்போது மச்சான் கூப்பிட்டார். ஆல்வின் நான் சொன்னபடியே சொன்னான். மச்சான் குனிந்து, வாயைப் பொத்திக்கொண்டிருந்த ஜெனியைப் பார்த்தார். "இன்னாடி, வெளாட்டா?" என்றார். கண்ணெதிரே நிற்கிறாளே என்று விட்டுவிட்டார்.

மதியத்துக்கு மேல் கடல் கொஞ்சம் முரண்டு பிடித்தது. எனக்கு மேல்தளத்தில் கம்பெனிக் கூட்டம், புது வண்ணங்களைக் காட்டப் போகிறார்கள். மச்சான் பிள்ளைகளோடு அறையில் இருந்தார். அறையைச் சுத்தம் செய்தவர்கள் கட்டிலின் மேல் ஒரு துவாலையை யானை மாதிரி மடித்து, காகிதத்தில் கண் ஒட்டி வைத்திருந்தார்கள். ஜெனிக்கு அதை விட்டுப் பிரிய மனமில்லை. நான் கிளம்பும்போது அதை மடியில் வைத்துத் தாலாட்டிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் ஒவ்வொருவரிடமும் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மச்சானுக்குத் தலை சுற்றி வாந்தி வந்துவிட்டது. கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிட்டார். அங்கே இருந்தும் கூப்பிட்டிருக்கிறார். ஆல்வின் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் "ரெண்டு பேரும் கீறோம் மாமா" என்று சொல்லியிருக்கிறான். அவர் விடவில்லை. "சின்னது? அத்தோட கொரலு எங்க?" என்று கேட்டிருக்கிறார். ஆல்வின் குரலை மெலிதாக்கி, தங்கச்சி மாதிரியே "கீறேன்" என்று சொல்லியிருக்கிறான். தனக்குப் பின்னால் கட்டிலில்தான் அவள் இருக்கிறாள் என்றே அவன் நினைத்தான். அவளோ யானையை எனக்குக் காட்ட வேண்டும் என்று எப்போதோ கதவைத் திறந்துகொண்டு போயிருந்தாள். அந்தக் கதவு தானாகவே சாத்திக்கொள்ளும். வெளியே போனால் நீளமான நடைபாதை, இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கதவுகள். மச்சான் கழிவறையிலிருந்து வந்து பார்த்தபோது கட்டில் காலி.

கூட்டத்தில் எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தபோது பின்பக்கக் கதவு திறந்தது. மச்சான் நின்றார். லுங்கி, பனியன், வெறுங்கால், நெஞ்சில் வாந்தி. ஆல்வினின் மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்திருந்தார். கத்தவில்லை. அவ்வளவு பேரையும் தாண்டி நேராக என்னிடம் வந்து மெதுவாகத்தான் சொன்னார்.

"மாப்ள, சின்னதுக்குக் கொரலு இல்ல."

அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் தேடினோம் என்று எனக்குத் தெரியாது. கப்பல்காரர்களைக் குறை சொல்ல முடியாது. ஒலிபெருக்கியில் சொன்னார்கள், கேமராவில் தேடினார்கள், ஆளுக்கொரு தளமாகப் பிரிந்து ஓடினார்கள். நீச்சல்குளத்தைப் பார்த்துவிட்டு வந்த ஒருவர் அங்கே இல்லை என்று தலையை ஆட்டினார். என் மனைவிக்குச் சொல்ல போனை எடுத்தேன். டவர் இல்லை. இல்லாமல் போனதே என்று கர்த்தருக்குத் தோத்திரம் சொன்னேன். அவளிடம் என்ன வார்த்தை சொல்லுவேன்?

மச்சான் ஒவ்வொரு தளமாகக் கூப்பிட்டுக்கொண்டே போனார். "ஜெனீ! கொரலூ!" அவருக்குப் பின்னால் நானும், என் கையைப் பிடித்துக்கொண்டு ஆல்வினும். கூப்பிட்டுவிட்டு ஒரு காதைச் சாய்த்து நிற்பார். அவர் நிற்கும்போது நானும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பேன். கப்பலின் எஞ்சின் உறுமல் மட்டும் காலுக்கடியில் கேட்கும். அடுத்த தளம். மறுபடி கூப்பிடுவார். காலையில் சிரித்த அந்தக் கடைக்காரர் இப்போது எங்களோடு சேர்ந்து ஓடிக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் தண்ணீர்.

படகுகள் தொங்கும் திறந்த தளத்துக்கு வந்தோம். கதவைத் தள்ள எனக்கே பலம் போதவில்லை, அவ்வளவு காற்று. அங்கேயும் மச்சான் கோடிக்குக் கோடி கூப்பிட்டுக்கொண்டு போய்த் திரும்பி வந்தார். பதில் இல்லை. அப்போதுதான் ஆல்வின் அதைப் பார்த்தான். கைப்பிடிக் கம்பியின் அடியில் சிக்கி, பாதி வெளியே பறந்துகொண்டிருந்தது ஒரு வெள்ளைத் துவாலை. மடிப்பு கலைந்து போயிருந்தது. ஒரு காகிதக் கண் மட்டும் இன்னும் அதில் ஒட்டியிருந்தது.

நான் அதை எடுக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தேன். பயணம் தொடங்கியதிலிருந்து நான் கடலை நேருக்கு நேர் பார்த்தது அப்போதுதான். அது கறுப்பாக, வேகமாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. குதித்துவிடலாம் என்று தோன்றியது. இந்த உண்மையை நான் யாரிடமும் சொன்னதில்லை.

மச்சான் என் பனியன் தெரியும்படி கோட்டைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தார். அவர் முகம் சாம்பல் பூத்திருந்தது. ஆனாலும் அவர் கடலைப் பார்க்கவில்லை, எங்கள் இருவரையும்தான் மாறி மாறிப் பார்த்தார்.

"நா கூப்ட்டா அந்தக் கொயந்த கொரலு குடுக்காம இருக்காது மாப்ள. தூக்கத்துலகூடக் குடுக்கும். இன்னாமோ கீது. இன்னா அது?"

ஆல்வின் என்னை நிமிர்ந்து பார்த்தான். அவன் சொல்லவில்லை. அப்பாவைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நினைத்த பிள்ளை. அவன் உதடு நடுங்கியதைப் பார்த்த பிறகுதான் எனக்கே உறைத்தது.

"நான்தான் மச்சான் சொன்னேன். நீங்க கூப்பிட்டா வாயத் தொறக்கக் கூடாதுன்னு. அவன் மட்டும் ரெண்டு பேருக்கும் சொல்லட்டும்னு. அசிங்கமா இருக்குன்னு சொன்னேன்."

அவர் என்னை அடித்திருக்கலாம். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார்.

"அப்ப என் கொரலு ஒதவாது. நீ கூப்டு."

"ஜெனி!" என்றேன். "ஜெனிம்மா! அப்பா வந்திருக்கேன், வாடா செல்லம்!" காற்று அதைப் பிய்த்துக்கொண்டு போனது.

"அப்டி இல்ல. நா கூப்புடற மாரி கூப்டு. வாயத் தொறக்கச் சொல்லு. நல்லா வவுத்துலேர்ந்து."

அந்தத் தளத்தில் அப்போது இருபது பேராவது நின்றிருப்பார்கள். என் கம்பெனிக்காரர்கள், கடைக்காரர்கள், வெள்ளைச் சீருடைக்காரர்கள். நான் மூச்சை இழுத்துக்கொண்டு, பிறந்ததிலிருந்து என் வாயில் வராத பாஷையில் கத்தினேன்.

"ஜெனீ! கொரலு குடு! அப்பா சொல்றேன், வாயத் தொற! கீறியா?"

எட்டடி தூரத்தில் இருந்த வெள்ளைப் பெட்டிக்குள்ளிருந்து, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி, ஒரு குரல் வந்தது.

"கீறேன்! தொறக்கலாமாப்பா?"

நான் நகரும் முன்பே மச்சான் பெட்டியின் மூடியைத் தூக்கிவிட்டார். ஆரஞ்சுச் சட்டைகளுக்கு நடுவே, தொப்பலாக வியர்த்து, முகமெல்லாம் சிவந்து உட்கார்ந்திருந்தாள். வாயை மூடியிருந்த கைகளை அப்போதுதான் எடுத்திருந்தாள். யாரோ திறந்து வந்த கதவு வழியாக அவளும் வெளியே வந்திருக்கிறாள். திரும்பிப் போகக் கதவைத் தள்ள முடியவில்லை. காற்று யானையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. பயந்துபோய், மூடி சரியாகச் சாத்தாமல் இருந்த, மாமா காட்டிய பெட்டிக்குள் ஏறியிருக்கிறாள். மூடி விழுந்துவிட்டது. தூக்க முடியவில்லை.

"மாமா நெறைய தடவ கூப்ட்டாங்கப்பா," என்றாள், மூச்சு வாங்கிக்கொண்டே. "பக்கத்துலயே வந்து கூப்ட்டாங்க. நான் தொறக்கவே இல்ல. ஐஸ்கிரீம் உண்டுல்ல?"

மச்சான் அவளைத் தூக்கி, உதடு நீலம் பூத்திருக்கிறதா என்று பார்த்தார். விரல் நகங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெட்டிக்குள் மூக்கை விட்டு மோந்து பார்த்தார். எல்லாம் தொழில் தெரிந்தவரின் நிதானத்தோடு செய்தார். பிறகு அவளை என் கையில் கொடுத்துவிட்டு, சுவரோரமாகப் போய் உட்கார்ந்தார். அவர் கால் இரண்டும் தரையில் தடதடவென்று அடித்துக்கொண்டன. அதை நிறுத்த அவராலும் முடியவில்லை.

மறுநாள் காலையில் கப்பல் கரையை நெருங்கியபோதுதான் என் பக்கத்தில் வந்து நின்றார். புகைபோக்கிகள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன. மணலி இருக்கும் திசையைக் காட்டினார்.

"பெரியவனத் திட்டாத மாப்ள."

"திட்டல மச்சான்."

"நானும் அப்டிக் கொரலு குட்தவன்தான்," என்றார். "அப்ப நா வெளிய நிக்கற ஆளு இல்ல. உள்ள எறங்கறவன். என் தோஸ்த்தும் நானும் ஒரு டாங்கிக்குள்ள கீறோம். கையு வலிக்குது, தூணுக்கு அந்தாண்ட குந்திக்கினு வரேன்னு போனான். மேஸ்திரி பாத்தா கத்துவாரு. வெளியேர்ந்து கூப்ட்டாங்க. நா சொன்னேன், ரெண்டு பேரும் கீறோம்னு. மூணு தரம் சொன்னேன். நாலாவது தரம் அவன எய்ப்பலாம்னு அந்தாண்ட போனேன்." தண்ணீரைப் பார்த்தார். "மொத தரம் நா கொரலு குட்தப்பவே அவன் இல்லியாம் மாப்ள. டாக்டரு சொன்னாரு."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆல்வின் எங்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்ததை அப்போது நான் கவனிக்கவில்லை.

அதற்குப் பிறகு மச்சான் எங்கள் தெருவில் நின்று கூப்பிட்டதே இல்லை. சத்தமில்லாமல் மூன்று மாடியும் ஏறி வருவார். உள்ளே வந்து, ஆல்வின் தலையில் ஒரு கை, ஜெனி தலையில் ஒரு கை வைப்பார். தொட்டுப் பார்த்த பிறகு உட்காருவார். குரலை நம்புகிற தைரியம் அவருக்குப் போய்விட்டது. அதைப் பறித்தவன் நான்தான். தெருக்காரர்கள்கூட என்னிடம் கேட்டார்கள், "இன்னா சார், உங்க மச்சான் கொரலே காணோம்?" என்று. மறுபடி கூப்பிடுங்கள் மச்சான் என்று நானே ஒருமுறை கெஞ்சினேன். சிரித்தார்.

போன வருஷம் காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு கப்பலில் வேலை. அடித்தொட்டிக்குள் நாலு பேர், வெளியே மச்சான். வழக்கம்போலக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு கட்டத்தில் கூப்பிடுகிற குரல் வரவில்லை. உள்ளே இருந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார்கள். "அண்ணே! அண்ணே!" என்று இவர்களே கத்திப் பார்த்தார்கள். பிறகு பயந்துபோய் ஒருவர் பின் ஒருவராக ஏறி வந்தார்கள். ஓட்டைக்குப் பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாராம். நெஞ்சுவலி என்றார்கள். கயிறு மட்டும் மணிக்கட்டில் சுற்றினபடியே இருந்ததாம். உள்ளே இறங்குகிறவனுக்கு வெளியே ஒருவர் நிற்கிறார். வெளியே நிற்கிறவனைப் பார்த்துக் குரல் கேட்க யாரை வைப்பது? அந்தக் கேள்வி என்னை இன்னும் தூங்கவிடவில்லை.

அவரைக் கண்ணாடி மூடி போட்ட ஐஸ் பெட்டியில் வைத்து, அவர் எப்போதும் நின்று கத்துகிற அதே இடத்தில், தெருவில் பந்தல் போட்டிருந்தோம். என் மனைவி பெட்டிமேல் தலையை வைத்துக்கொண்டு கிடந்தாள். பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். ஜெனி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே போனாள். மூடியிருக்கிற அந்தப் பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மூச்சை நிறைய இழுத்துக்கொண்டு, அவரே கூப்பிடுகிற மாதிரி, வயிற்றிலிருந்து கூப்பிட்டாள்.

"மாமா! கொரலு!"

அழுகை நின்றுவிட்டது. தெரு முழுக்கக் காத்திருந்தது. ஜெனி ஒரு காதைச் சாய்த்துக்கொண்டு நின்றாள்.

எனக்குப் பக்கத்தில் நின்ற ஆல்வினின் உதடு அசைந்தது. தங்கச்சிக்காக மாமா குரலில் இவன் பதில் சொல்லிவிடுவானோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அவன் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டு, கடைசிவரை திறக்காமல் நின்றான்.